24 பட்டம் வென்ற ஜோகோவிச்சா, 11 பட்டம் வென்ற லேவரா... யார் பெரிய சாம்பியன்? ராமநாதன் கிருஷ்ணன் கதையில் இருக்கிறது பதில்!

புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர் கட்டுமாவடி. மீன், நண்டு, இறால் வாங்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வரும் ஊர். இந்தக் கடலோரத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். பக்கத்தில் இருக்கும் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் மட்டும் கடலுக்குப் போய் வரும்.

இப்போ ஒரு கேள்வி. தடைக்காலத்தில் ஒரு நாட்டுப்படகு 100 கிலோ மீனோடு கரை திரும்புகிறது. தடை முடிந்து விசைப்படகுகளும் இறங்கிய பிறகு, இன்னொரு நாட்டுப்படகும் அதே 100 கிலோவோடு வருகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், இரண்டும் ஒரே சாதனையா? 'அன்னிக்கு கடல்ல வேற யார் யார் இருந்தாங்க?' என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

டென்னிஸில் 'எல்லா காலத்துக்கும் சிறந்த வீரர் யார்' என்று நடக்கும் சண்டையிலும் இந்தக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். வென்ற பட்டங்களை எண்ணுகிறார்கள். அந்தப் பட்டத்துக்கு யாரெல்லாம் போட்டியிட்டார்கள், யாரெல்லாம் போட்டியிட முடியாமல் வெளியே நின்றார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. நம்ம தமிழ்நாட்டு வீரர்கள் ராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் ஆகியோரின் கதைகளை வைத்தே இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். விரிவாகப் பார்ப்போம்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

ஆண்கள் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் நோவக் ஜோகோவிச் 24, ரஃபேல் நடால் 22, ரோஜர் ஃபெடரர் 20, பீட் சாம்ப்ராஸ் 14, ராய் எமர்சன் 12, ராட் லேவர் 11, பியான் போர்க் 11. பட்டியலை மட்டும் பார்த்தால் லேவரை விட எமர்சன் பெரிய வீரர். ஆனால், டென்னிஸ் தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலானோர் லேவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆஸ்திரேலிய ஓபனின் முக்கிய மைதானத்துக்கே 'ராட் லேவர் அரங்கம்' என்றுதான் பெயர்.

ஒரே ஒரு பட்டம் கூடுதலாக வென்றவர் எப்படிப் பின்னுக்குப் போனார்? அதற்கு 1968-க்கு முன்பு டென்னிஸ் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

1968-க்கு முன் இருந்த 'தடை'

அன்று டென்னிஸ் வீரர்கள் இரண்டு சாதியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஒன்று, அமெச்சூர். வென்றாலும் பரிசுப் பணம் வாங்கக் கூடாது. பயணச் செலவு, தங்கும் செலவு மாதிரி சிலவற்றை வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, புரொஃபஷனல். பணத்துக்காக ஆடுபவர்கள்.

விம்பிள்டன், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்க சாம்பியன்ஷிப் என நான்கு பெரிய போட்டிகளிலும் அமெச்சூர்களுக்கு மட்டுமே அனுமதி. டேவிஸ் கோப்பையிலும் அப்படித்தான். ஒரு வீரர் புரொஃபஷனல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் இந்தக் கதவுகள் எல்லாம் அவருக்கு அடைக்கப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் முன்னாள் சாம்பியன் ஜாக் கிரேமர், சிறந்த வீரர்களுக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டு, ஊர் ஊராக அழைத்துப் போய்ப் போட்டி நடத்தினார். விளைவு? அமெச்சூர் உலகில் யாராவது பெரிய சாம்பியன் ஆனால், அடுத்த ஆண்டே அவர் காணாமல் போய்விடுவார். 1958-ல் விம்பிள்டன் வென்ற ஆஷ்லி கூப்பர் புரொஃபஷனல் ஆனார். 1959-ல் வென்ற அலெக்ஸ் ஓல்மெடோவும் அதே வழியில் போனார். பாஞ்சோ கோன்சலஸ், கென் ரோஸ்வால், லூ ஹோட் என அன்றைய மிகச் சிறந்த வீரர்கள் பலர் விம்பிள்டன் பக்கமே வர முடியாத நிலை.

1968 ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரில் நடந்த போட்டியில்தான் முதன்முறையாக இரண்டு தரப்பும் சேர்ந்து ஆட அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து தொடங்குவதைத்தான் 'ஓபன் எரா' என்கிறோம்.

எமர்சனின் 12, லேவரின் 11: நடந்தது என்ன?

லேவர் 1962-ல் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வென்றார். உடனே புரொஃபஷனல் ஆனார். 1963 முதல் 1967 வரை ஐந்து ஆண்டுகள் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் அவருக்கு இடமில்லை. எமர்சன் வென்ற 12 பட்டங்களில் 10 பட்டங்கள் இந்த ஐந்து ஆண்டுகளில் வந்தவை. விசைப்படகு கரையில் கட்டிக் கிடந்தபோது பிடித்த மீன் என்று சொன்னால் எமர்சன் ரசிகர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால், கணக்கு அதுதான்.

1968-ல் கதவு திறந்ததும் லேவர் திரும்பி வந்து விம்பிள்டன் வென்றார். 1969-ல் மறுபடியும் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்கள். ஒற்றையர் பிரிவில் இதை இரண்டு முறை செய்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

இதில் இன்னொரு முக்கியமான தகவலும் உண்டு. 1962-ல் நான்கு பட்டங்களையும் வென்ற அதே லேவர், 1963-ல் புரொஃபஷனல் ஆன ஆரம்ப மாதங்களில் ஹோட்டிடமும் ரோஸ்வாலிடமும் திரும்பத் திரும்பத் தோற்றார். அதாவது, அமெச்சூர் உலகின் முதலிடமும் புரொஃபஷனல் உலகின் முதலிடமும் ஒன்றல்ல. அன்றைய விம்பிள்டனில் உலகின் சிறந்த வீரர்கள் எல்லாரும் ஆடினார்கள் என்று சொல்லவே முடியாது.

அப்படியானால் ராமநாதன் கிருஷ்ணன் சாதனை சின்னதா?

இங்கேதான் நமக்கு விஷயம் கொஞ்சம் உறைக்கும். விம்பிள்டன் ஒற்றையர் பிரிவில் அரையிறுதிக்குப் போன ஒரே இந்தியர் ராமநாதன் கிருஷ்ணன். ஒரு முறை அல்ல, 1960, 1961 என இரண்டு முறை. இரண்டுமே 1968-க்கு முன்பு, புரொஃபஷனல்கள் வெளியே நின்ற காலத்தில். 'அப்போ பெரிய ஆளுங்க யாரும் ஆடலையே' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடலாமா?

கூடாது. எதிரே இல்லாதவர்களை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான். எதிரே இருந்தவர்களையும் எண்ண வேண்டும்.

1954: விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார் கிருஷ்ணன். இறுதிப்போட்டியில் அவர் வீழ்த்தியது ஆஷ்லி கூப்பரை. நான்கு ஆண்டுகள் கழித்து விம்பிள்டன் சாம்பியன் ஆன அதே கூப்பர்தான்.

1959: விம்பிள்டனுக்கு முன்னோட்டமாகக் கருதப்படும் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் பட்டம். இறுதிப்போட்டியில் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேசர்.

1960: விம்பிள்டனில் 7-ம் தரநிலை. காலிறுதியில் சிலியின் லூயிஸ் அயாலாவை வென்றார். அரையிறுதியில் ஃப்ரேசரிடம் தோல்வி. அந்த ஆண்டு சாம்பியன் ஃப்ரேசர்தான்.

1961: காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என நேர் செட்களில் வீழ்த்தினார். எமர்சன் அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய சாம்பியன். சில மாதங்களில் அமெரிக்க சாம்பியனும் ஆனார். அரையிறுதியில் கிருஷ்ணன் தோற்றது லேவரிடம். அந்த ஆண்டு விம்பிள்டன் கோப்பையும் லேவருக்குத்தான்.

1962: கிருஷ்ணனுக்கு 4-ம் தரநிலை. ஆனால், கணுக்கால் காயத்தால் பாதியில் விலக வேண்டியதாயிற்று.

பட்டியலை ஒரு முறை திரும்பப் பாருங்கள். இரண்டு அரையிறுதியிலும் அவர் தோற்றது அந்தந்த ஆண்டின் சாம்பியனிடம். வழியில் வீழ்த்தியதோ, பின்னாளில் 12 கிராண்ட்ஸ்லாம் வென்று உலக சாதனையாக 2000-ம் ஆண்டு வரை வைத்திருந்த எமர்சனை. கூப்பர், ஃப்ரேசர், எமர்சன் என மூன்று விம்பிள்டன் சாம்பியன்களை வெவ்வேறு காலகட்டத்தில் வென்ற ஒருவரை, 'ஆளில்லாத கடலில் வலை போட்டவர்' என்று சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். கிரேமர் கிருஷ்ணனையும் ஒப்பந்தத்துக்கு அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால் பணம் கிடைத்திருக்கும். கோன்சலஸ், ரோஸ்வாலோடு ஆடி 'உண்மையான பலம்' என்னவென்றும் தெரிந்திருக்கும். ஆனால், விம்பிள்டன் அரையிறுதிகளும் இருந்திருக்காது, இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையும் ஆடியிருக்க முடியாது.

ஆடியதால் என்ன கிடைத்தது? 1966-ல் கொல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக ஆட்டம் 2-2 என நின்றபோது, கடைசி ஒற்றையரில் தோமாஸ் காக்கிடம் 1-2 என செட்களில் பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2-5 என இருந்த நிலையிலிருந்து மீண்டு வென்றார் கிருஷ்ணன். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்பர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 எனத் தோற்றாலும், அந்த ஒரு புள்ளி கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், ரோச் ஜோடியை வீழ்த்தி எடுத்தது. 1965-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஜோடி அது.

சரி, அமெச்சூர்கள் அந்த அளவுக்குப் பலவீனமானவர்களா? 1968-ல் போர்ன்மவுத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் அமெச்சூர் வீரர் மார்க் காக்ஸ், அங்கே கோன்சலஸையும் அடுத்ததாக எமர்சனையும் வென்றார். எமர்சன் அப்போது புரொஃபஷனல் ஆகியிருந்தார். கோன்சலஸுக்கு 40 வயது நெருங்கியிருந்தது. ஆனாலும், இரு தரப்புக்கும் நடுவே இடைவெளி இருந்ததே தவிர, தாண்டவே முடியாத சுவர் இல்லை என்பதற்கு இது சாட்சி. பட்டத்தை வென்றது ரோஸ்வால் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

விஜய் அமிர்தராஜ்: காலியான விம்பிள்டனும், நிரம்பிய அமெரிக்க ஓபனும்

ஓபன் எரா வந்த பிறகும் ஆள் குறைந்த போட்டிகள் நடந்தன. பெரிய உதாரணம் 1973 விம்பிள்டன்.

யூகோஸ்லாவியா வீரர் நிக்கி பிலிச், தன் நாட்டுக்காக டேவிஸ் கோப்பையில் ஆட மறுத்தார் என்று கூறி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அவருக்கு ஆதரவாக, அப்போதுதான் தொடங்கியிருந்த வீரர்கள் சங்கமான ஏடிபி களமிறங்கியது. 81 வீரர்கள் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள். நடப்பு சாம்பியன் ஸ்டான் ஸ்மித் இல்லை, நியூகோம்ப் இல்லை, ரோஸ்வால் இல்லை.

அந்த ஆண்டு 19 வயது சென்னை இளைஞர் விஜய் அமிர்தராஜ் காலிறுதிக்குப் போனார். செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 எனத் தோற்றார். கோடெஷ்தான் பிறகு சாம்பியன். இன்னும் இரண்டு கேம் எடுத்திருந்தால்... என்று தமிழ் ரசிகர்கள் இன்றும் பேசுவதுண்டு.

'பாதிப் பேர் வராத விம்பிள்டன்தானே?' என்று கேட்டால், பதில் இரண்டே மாதத்தில் வந்தது. 1973 அமெரிக்க ஓபனில் யாரும் புறக்கணிக்கவில்லை. எல்லாரும் ஆடினார்கள். அங்கே விஜய், லேவரையே ஐந்து செட்டில் வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். ரோஸ்வாலிடம்தான் தோற்றார். கோடெஷ் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்மித்தை வென்று இறுதிப்போட்டியில் ஆடினார். நியூகோம்ப் அவரை வெல்ல ஐந்து செட் தேவைப்பட்டது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் முக்கியமானது. ஒரு போட்டி பலவீனமாக இருந்தது என்பதற்காக, அதில் ஜெயித்தவரும் பலவீனமானவர் என்று முடிவு கட்டக் கூடாது. அதே காலத்தில், பலமான போட்டியில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். தடைக்காலத்தில் நிறையப் பிடித்தவர் ஜூன் 15-க்குப் பிறகும் பிடிக்கிறாரா? பிடித்தால், அவர் நல்ல மீனவர்தான்.

1974 அமெரிக்க ஓபனில் போர்க்கையும் வென்று மறுபடி காலிறுதி கண்டார் விஜய். 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களை எடுத்துவிட்டு, ஐந்து செட்டில் தோற்றார். 2024-ல் சர்வதேச டென்னிஸ் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவரும் லியாண்டர் பயஸும் சேர்க்கப்பட்டனர். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் ஆசிய ஆண்கள் இவர்கள் இருவரே.

ரமேஷ் கிருஷ்ணன்: அரையிறுதி இல்லை, ஆனால் கூட்டம் அதிகம்

அப்பா 1954-ல் வென்ற விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை, சரியாக 25 ஆண்டுகள் கழித்து 1979-ல் வென்றார் மகன் ரமேஷ் கிருஷ்ணன். அதே ஆண்டு பிரெஞ்சு ஜூனியர் பட்டமும் அவருக்குத்தான்.

சீனியர் பிரிவில் 1981, 1987 அமெரிக்க ஓபன், 1986 விம்பிள்டன் என மூன்று காலிறுதிகள். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், உலகின் நம்பர் 1 வீரரும் நடப்பு சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வெளியேற்றினார். 1987-ல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போனதிலும் பெரும் பங்கு அவருக்கு உண்டு. கணினித் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 23-வது இடம்.

அப்பா உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக மதிக்கப்பட்டவர். மகன் 23. அப்போ அப்பாதான் பெரிய வீரரா? அவசரப்பட வேண்டாம். ஏடிபி கணினித் தரவரிசை 1973 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன்பு உலகத் தரவரிசை என்பது பத்திரிகையாளர்கள் தங்கள் கணிப்பில் போட்ட பட்டியல். அதில் அமெச்சூர்களை மட்டும் சேர்த்துப் போடுவதும் வழக்கம். ரமேஷ் ஆடிய காலத்திலோ தடுக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை. பணம் வந்ததால் பல நாடுகளிலிருந்தும் முழுநேர வீரர்கள் வந்தார்கள். அப்பாவின் அரையிறுதியும் மகனின் 23-ம் இடமும் இரண்டு வெவ்வேறு அளவுகோல்கள். படியையும் கிலோவையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்க முடியாது இல்லையா?

பெண்கள் பிரிவிலும் இதே சிக்கல்

மார்கரெட் கோர்ட் 24, செரீனா வில்லியம்ஸ் 23. கோர்ட் வென்ற 24-ல் 11 ஆஸ்திரேலியப் பட்டங்கள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போவது நீண்ட, செலவு மிக்க பயணம் என்பதால் பிற நாட்டு முன்னணி வீராங்கனைகள் பலர் போகவே இல்லை. கோர்ட்டின் 24-ல் 13 பட்டங்கள் 1968-க்கு முந்தியவை. செரீனாவின் 23 பட்டங்களும் ஓபன் எராவில் வந்தவை. அதற்காக கோர்ட்டைக் குறைத்துப் பேசவும் முடியாது. 1970-ல், ஓபன் எராவிலேயே, ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வென்றவர் அவர்.

இன்னொரு கதை மனதைக் கனக்க வைப்பது. 1993 ஏப்ரல் 30, ஜெர்மனியின் ஹாம்பர்க். ஆட்டத்தின் நடுவே ஓய்வுக்காக உட்கார்ந்திருந்த நம்பர் 1 வீராங்கனை மோனிகா செலஸை, பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த ஒருவன் கத்தியால் குத்தினான். ஸ்டெஃபி கிராஃப் மீது வெறித்தனமான பற்றுக் கொண்டவன் அவன். அப்போது செலஸுக்கு வயது 19. கையில் 8 கிராண்ட்ஸ்லாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் ஆடவில்லை. திரும்பி வந்து இன்னும் ஒரு பட்டம்தான் வென்றார்.

கிராஃப் அந்த நாள் வரை 11 பட்டங்கள் வென்றிருந்தார். அதன் பிறகு இன்னும் 11. மொத்தம் 22. கிராஃப் மீது எந்தத் தவறும் இல்லை. ஆனால், பின்னால் வந்த 11-ல் எத்தனை செலஸ் கைக்குப் போயிருக்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவே போவதில்லை. எண்ணிக்கை சொல்லாத கதை இது.

நம்ம பக்கத்தில், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிச்சிச்சினியை வென்றார். ஓபன் எராவில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது. பட்டியலில் பார்த்தால் வெறும் முதல் சுற்று வெற்றி. எதிரே இருந்த கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அதன் எடை வேறு.

'வீக் எரா' என்ற குற்றச்சாட்டு

இன்றைய ரசிகர்கள் அதிகம் சொல்லும் வார்த்தை இது. 'ஃபெடரர் 2003 முதல் 2007 வரை வென்றபோது நடால் சின்னப் பையன், ஜோகோவிச் வரவே இல்லை. ராடிக், ஹெவிட் மாதிரி ஆட்களை வென்றார்' என்பார்கள். பதிலுக்கு, 'ஜோகோவிச் கடைசியாக வென்ற பட்டங்கள் ஃபெடரர் ஓய்வு, நடால் காயம் என்ற நேரத்தில் வந்தவை' என்பார்கள்.

இந்த வாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. ராடிக் அமெரிக்க ஓபன் வென்றவர், உலக நம்பர் 1 ஆக இருந்தவர். ஃபெடரரோடு 24 முறை மோதி 21 முறை தோற்றார். நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டிகளில் அவரைத் தடுத்தது ஃபெடரர்தான். ஃபெடரர் இல்லாமல் இருந்திருந்தால் ராடிக் கையில் இன்னும் பல பட்டங்கள் இருந்திருக்கலாம். அப்போது நாம் 'என்ன பலமான காலம்' என்று சொல்லியிருப்போம். அதாவது, சாம்பியன் ரொம்பப் பலமாக இருந்தால் எதிராளிகள் பலவீனமாகத் தெரிவார்கள். காலம் பலவீனமா, ஒருவர் மட்டும் அதீத பலமா என்பதைப் பட்டப் பட்டியலை வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது.

2024, 2025 ஆண்டுகளின் 8 கிராண்ட்ஸ்லாம்களையும் யானிக் சின்னர், கார்லோஸ் அல்கராஸ் இருவரும் ஆளுக்கு 4 எனப் பங்கிட்டுக்கொண்டார்கள். இது இருவரின் பலமா, மற்றவர்களின் பலவீனமா? இந்த விவாதமும் இப்போதே தொடங்கிவிட்டது.

நேருக்கு நேர் மோதலைப் பார்த்தால் போதாதா?

ஒரே காலத்தவர்களுக்கு இது நல்ல அளவுகோல். ஜோகோவிச் - நடால் 31-29, ஜோகோவிச் - ஃபெடரர் 27-23, நடால் - ஃபெடரர் 24-16. இத்தனை ஆட்டங்கள் இருந்தால் ஏதாவது பேசலாம்.

ஆனால், எண்ணிக்கை குறைந்தால் காமெடி ஆகிவிடும். 1998-ல் நியூ ஹேவன் போட்டியில் லியாண்டர் பயஸ், பீட் சாம்ப்ராஸை 6-3, 6-4 என வீழ்த்தினார். ஒற்றையரில் இருவரும் அதற்குப் பிறகு மோதவில்லை. ஆக, நேருக்கு நேர் கணக்கில் சென்னை அமிர்தராஜ் அகாடமியில் பயிற்சி பெற்ற பயஸ் 1, சாம்ப்ராஸ் 0. இதை வைத்து சாம்ப்ராஸை விட பயஸ் பெரிய ஒற்றையர் வீரர் என்று பயஸே சொல்ல மாட்டார்.

தரையும் மாறியது, மட்டையும் மாறியது

1974 வரை நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் மூன்று புல்தரையில் நடந்தன. பிரெஞ்சு ஓபன் மட்டும் களிமண் தரை. அமெரிக்க ஓபன் 1975-ல் களிமண்ணுக்கும் 1978-ல் கடினத் தரைக்கும் மாறியது. ஆஸ்திரேலிய ஓபன் 1988-ல் கடினத் தரைக்குப் போனது. லேவர் 1969-ல் வென்ற நான்கில் மூன்று புல்தரைப் பட்டங்கள். ஜோகோவிச் மூன்று வகைத் தரையிலும் வெல்ல வேண்டியிருந்தது. மறுபக்கம், லேவர் ஆடியது மரமட்டையில்.

தரநிலை முறையும் மாறியிருக்கிறது. 2001 முதல் கிராண்ட்ஸ்லாம்களில் 32 பேருக்குத் தரநிலை தருகிறார்கள். அதனால் முன்னணி வீரர் முதல் இரண்டு சுற்றுகளில் இன்னொரு முன்னணி வீரரைச் சந்திக்க வேண்டியதில்லை. ராமநாதன் கிருஷ்ணன் காலத்தில் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு பேருக்குக் கிடையாது.

'ஈலோ' கணக்கு தீர்த்து வைக்குமா?

செஸ் பார்ப்பவர்களுக்கு 'ஈலோ' புள்ளி தெரிந்திருக்கும். பலமானவரை வென்றால் நிறையப் புள்ளி, பலவீனமானவரை வென்றால் கொஞ்சம் புள்ளி. எதிராளியின் பலத்தையும் கணக்கில் எடுப்பதால், வெறும் பட்டங்களை எண்ணுவதை விட இது எவ்வளவோ மேல். டென்னிஸுக்கும் சிலர் இந்த முறையில் கணக்குப் போடுகிறார்கள்.

ஆனால், இதற்கும் எல்லை உண்டு. அந்தப் புள்ளி ஒருவர் தன் காலத்து ஆட்களை விட எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பதைச் சொல்லும். 1961-ன் ஆட்களும் 2011-ன் ஆட்களும் ஒருவரோடு ஒருவர் ஆடியதே இல்லை என்பதால், இரு காலத்துப் புள்ளிகளையும் நேரடியாக ஒப்பிட முடியாது.

அடுத்த முறை வாதம் வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. அந்தப் போட்டியில் யார் ஆட முடியாமல் இருந்தார்கள்? தடையா, புறக்கணிப்பா, காயமா, பயணச் செலவா?

2. ஆடியவர்களில் யாரை வென்றார்? தோற்றது யாரிடம்?

3. அதே காலத்தில், எல்லாரும் கலந்துகொண்ட வேறு போட்டியில் எப்படி ஆடினார்?

4. தன் காலத்து இரண்டாம், மூன்றாம் இடத்தவரை விட எவ்வளவு தூரம் முன்னால் இருந்தார்? எத்தனை ஆண்டுகள்?

5. எல்லா வகைத் தரையிலும் வென்றாரா? அல்லது அன்று எல்லாப் போட்டியும் ஏறக்குறைய ஒரே தரையில்தான் நடந்ததா?

இந்த ஐந்துக்கும் பதில் தேடினால் எமர்சனின் 12-ம் லேவரின் 11-ம் இடம் மாறிவிடும். போர்க்கின் 11 இன்னும் பெரிதாகத் தெரியும். ஆஸ்திரேலிய ஓபனில் அவர் ஒரே ஒரு முறைதான் ஆடினார், 25 வயதில் தன் கடைசி கிராண்ட்ஸ்லாமையும் ஆடி முடித்துவிட்டார். ராமநாதன் கிருஷ்ணனின் இரண்டு அரையிறுதிகளுக்கும் சரியான மதிப்பு கிடைக்கும். உலகின் எல்லாச் சிறந்த வீரர்களும் இருந்த விம்பிள்டன் அல்ல அது. ஆனால், எமர்சன் இருந்தார், வென்றார். லேவர் இருந்தார், தோற்றார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

லேவரும் ஜோகோவிச்சும் நேரில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால், யார் தன் காலத்துக் கடலில், எத்தனை படகுகளுக்கு நடுவே, எவ்வளவு பிடித்தார் என்பதற்குப் பதில் இருக்கிறது. கட்டுமாவடியில் மீன் வாங்கப் போகிறவர் விலையை மட்டுமா பார்க்கிறார்? 'இது எப்போ பிடிச்சது, எந்தப் படகுல வந்தது?' என்று கேட்டுத்தானே வாங்குகிறார். சாம்பியன்களுக்கும் அதே கேள்விதான்.